பதினெட்டு இலக்கக் கல்யாணம்

இசக்கிப்பிரியா ஒரு மனுஷியே இல்லை, அவள் ஒரு கல்யாணம் என்று ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. நேரம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். திருநெல்வேலி பேருந்து நிலையத்தில் இருபது வருடமாக டைம் கீப்பராக இருப்பவள். தென்காசி வண்டி மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் டிரைவரை இறங்கச்சொல்லிக் காரணம் கேட்பவள். அப்படிப்பட்டவளை ஒன்பது மணிக்கு வரச்சொல்லி, பத்தேகாலுக்கு டோக்கன் கொடுத்து, பதினொன்றே காலுக்குக் கவுண்டருக்குக் கூப்பிட்டு, "உங்க எண்ணைப் போட்டா ஆள்னு வரமாட்டேங்குதும்மா, ஒரு கல்யாணம்னு வருது" என்றார்கள்.

அவள் போனது சிறுநீரகம் கொடுப்பதற்கு. கணவன் முத்துகார்த்திக்குக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிப்பு. ஊசி குத்துவதற்குக் கையில் இனி இடமில்லை என்கிற நிலைமை. வருகிற திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை நாலு மாதம் கழித்துத்தான். நாலு மாதம் தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்கு ஒரே ஒரு அண்ணன், அவருக்குச் சர்க்கரை. ரத்த உறவோ, கட்டின மனைவியோ மட்டும்தான் உறுப்புக் கொடுக்கலாம் என்பது சட்டம். ஆக மிச்சம் இருந்தது இசக்கிப்பிரியா ஒருத்திதான். ரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது, எல்லாம் பொருந்திவிட்டது. எண் சரிபார்ப்பு ஒன்று பாக்கி. அதை ஒரு சம்பிரதாயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இந்த எண் விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். போலி அட்டை, போலிச் சான்றிதழ், திருத்தின பதிவேடு எல்லாவற்றாலும் அலுத்துப்போன அரசாங்கம் முப்பது வருடத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு பகா எண் கொடுத்தது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால் அவர்கள் எண்கள் இரண்டையும் பெருக்கினால் வருவது கல்யாண எண். இவள் இவனுடைய மனைவிதானா என்று பார்க்க வேண்டுமா, கல்யாண எண்ணை இவள் எண்ணால் வகுத்துப் பார். மீதியில்லாமல் போனால் மனைவி. மீதி வந்தால் வீட்டுக்குப் போகச் சொல். பெருக்கி வந்த எண்ணைத் திருத்த முடியாது, அதற்குள் மூன்றாவது ஆளைச் செருக முடியாது, தனியாக ஒரு பதிவேடும் வேண்டாம். எண்ணே பதிவேடு. நிஜமாகவே நல்ல யோசனை. நல்ல யோசனைகள் எல்லாம் நம்முடைய அலுவலகங்களுக்குள் கால் வைக்கிற வரைக்கும் நல்ல யோசனைகள்தான்.

முதலில் ஒன்பது இலக்க எண்களாகக் கொடுத்தார்கள். ஒன்பது இலக்கத்தில் இருக்கிற பகா எண்கள் மொத்தமே நாலரைக் கோடி. அவை தீர்ந்துபோன பிறகுதான் ஜனங்கள் இன்னும் மூன்றரைக் கோடி மிச்சம் இருப்பது மேலே இருந்தவர்களுக்கு ஞாபகம் வந்தது. அடுத்தவர்களுக்குப் பதினெட்டு இலக்கம் என்றார்கள். பத்து இலக்கம் இருக்க ஏன் பதினெட்டுக்குத் தாவினார்கள் என்பது அந்தக் கமிட்டிக்கே வெளிச்சம். அப்பாவோடு சூரத்தில் சாயப்பட்டறை வேலையில் இருந்துவிட்டு இருபத்துநாலு வயதில் ஊர் திரும்பிய இசக்கிப்பிரியாவுக்கு இந்த இரண்டாவது பந்தியில்தான் இடம் கிடைத்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மாவட்ட எண் அலுவலகத்தில் இருந்தாள். அதிகாரி அபிநந்தன் பத்தே முக்காலுக்கு வந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது அவருக்கு. அந்த ஒரு வருடத்தையும் அலுங்காமல் குலுங்காமல் கடந்துவிட வேண்டும் என்கிற பிரார்த்தனை முகத்திலேயே தெரிந்தது. அவள் எண்ணைத் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க எண்ணு பகா எண்ணு இல்லம்மா. ரெண்டா உடையுது. ஒண்ணு நானூத்தி இருபத்தொண்ணுல முடியுது, இன்னொண்ணு எண்ணூத்தி நாப்பத்தொண்ணுல முடியுது. ரெண்டும் ஒன்பது இலக்கம். ஒன்பது இலக்கத்துல எந்த எண்ணும் சும்மா கிடக்கல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு உண்டு. அதனால உங்க எண்ணைப் பாக்கிற கம்ப்யூட்டரு, அந்த ரெண்டு பேருக்கும் நடந்த கல்யாணம்னு நினைச்சுக்கிடுது."

இருபத்துநாலு வருடமாக நினைக்காத கம்ப்யூட்டர் இப்போது ஏன் நினைக்கிறது என்று அவள் கேட்டாள். முன்பெல்லாம் யாருடைய எண்ணையும் உடைத்துப் பார்ப்பது குற்றம் என்று சட்டம் இருந்ததாம். போன வருடம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்களாம். பதினோரு மாதமாக எல்லா எண்களையும் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்களாம்.

"சரி சார். உடையற எண்ணை எனக்கு எப்பிடிக் குடுத்தீங்க? பாக்காமலா குடுத்தீங்க?"

அபிநந்தன் மேஜைக் கண்ணாடியின் அடியில் கிடந்த சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு சொன்னார். அவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்குச் சாட்சி முறை என்று ஒன்று உண்டு. வேறு ஏதாவது ஒரு எண்ணைச் சாட்சியாகக் கூப்பிட்டு, அதை வைத்து ஒரு கணக்குப் போட வேண்டும். உடைகிற எண்ணாக இருந்தால் பெரும்பாலும் சாட்சி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சில சாட்சிகள் பொய் சொல்லும். அதனால்தான் விதியில் ஒவ்வொரு ஆளுக்கும் நாற்பது சாட்சிகள் என்று போட்டிருந்தது. அந்த நாற்பதையும் அந்த ஆள் முன்னாலேயே குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் அச்செடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். நாற்பதும் சேர்ந்து பொய் சொல்வதற்கு வழியே இல்லை.

"முகாமுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு பேரு வந்தாங்கம்மா. ஆளுக்கு நாப்பது தாளுன்னா என்னத்துக்கு ஆவுறது? பத்திர ஆபீஸ் வாசல்ல ரெண்டு பேரு டீ குடிச்சிக்கிட்டு நிப்பாங்கல்லா, ஊருல எவன் கிரயம் எழுதினாலும் அவங்கதான சாட்சி? அதே மாதிரி நாங்களும் செஞ்சோம். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு. இந்த நாலு பேருதான் எல்லாருக்கும் சாட்சி. முன்னாடியே அச்சடிச்சு வச்சிட்டோம். கோடியில ஒரு எண்ணுக்குக்கூட இந்த நாலும் சேந்து பொய் சொல்லாது. உங்க எண்ணுக்குச் சொல்லியிருக்கு. பதினொண்ணைக் கூப்பிட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கும்."

"அந்த முகாம்ல இருந்தது யாரு சார்?"

"நான்தான்" என்றார் அபிநந்தன்.

கையில் இருந்த பையை அவர் தலையில் போட்டால் என்ன என்று இசக்கிப்பிரியாவுக்குத் தோன்றியது. பைக்குள் கணவனின் ஸ்கேன் படங்கள் இருந்ததால் விட்டுவிட்டாள். தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், திங்கட்கிழமைக்கு அது போதும் என்றாள். அவர் அதற்கும் தலையை ஆட்டினார். எழுதிக் கொடுத்தால் அவளுடைய எண் ஆதியிலிருந்தே செல்லாது. செல்லாத எண்ணால் பெருக்கின கல்யாணமும் செல்லாது. புது எண் வாங்கி, முத்துகார்த்திக்கையே மறுபடி கட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் உறுப்புக்காகப் போலிக் கல்யாணம் செய்கிறவர்களைத் தடுக்க ஒரு விதி இருக்கிறது. புது மனைவி இரண்டு வருடம் கழித்துத்தான் உறுப்புக் கொடுக்கலாம்.

"ஆக, தப்பைத் தப்புன்னு எழுதினா நான் அவருக்குப் பொண்டாட்டி இல்ல. எழுதாம விட்டா நான் மனுசியே இல்ல. ரெண்டுலயும் அவரு செத்துருவாரு. அப்படித்தான சார்?"

அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்தால் போதும் என்கிற மாதிரி அபிநந்தன் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் புரட்டினார். அதற்குள் இசக்கிப்பிரியா இரண்டு தரம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். விவாகரத்து என்று ஒரு வழி இருந்தது. அந்த இரண்டு பேரும் குடும்பநல நீதிமன்றத்தில் மனுப்போட்டு, ஆறு மாதம் கவுன்சலிங் போய், மனம் ஒத்துப் பிரிந்தால் அவள் எண் விடுபடும். முன்பின் பார்த்திராத இரண்டு பேரைச் சேர்ந்து வாழச் சொல்லி ஆறு மாதம் புத்திமதி சொல்வார்கள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கடைசியில் பதினேழாவது விதியில் அவர் விரல் நின்றது. கல்யாண எண்ணின் இரு தரப்பினரும் சேர்ந்து கையெழுத்திட்டால் அந்த எண்ணைச் சட்டப்படியான எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம்.

அபிநந்தன் விளக்கினார். முத்துகார்த்திக்கின் கல்யாண எண்ணை அவன் எண்ணால் வகுக்கலாம். அந்த இரண்டு பேர் எண்களாலும் வகுக்கலாம். கம்ப்யூட்டருக்கு அது மூன்று பேர் சேர்ந்த ஒரு கல்யாணம். இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதவில்லை, ஏனென்றால் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த இருவரும் கையெழுத்துப் போட்டால் அவர்கள் உறவுக்காரர்களாகச் சிறுநீரகம் கொடுப்பதாகக் கணக்காகும். மேஜையில் படுக்கப்போவது எந்த உடம்பு என்பது டாக்டர் கவலை.

பெயரும் விலாசமும் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். இருபத்துநாலு வருடத்தில் அந்த மனுஷன் அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

நானூற்று இருபத்தொன்றில் முடிகிறவர் பெயர் பிரதீப். வயது எழுபது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் ஏலம் விடுகிறவர். வியாழக்கிழமை அவரைப் பிடித்தபோது மூட்டைகளுக்கு நடுவில் நின்று விலை கூவிக்கொண்டிருந்தார். மனைவி இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறதாம். பதினோரு மாதமாக ரேஷன் கடையில் அவருக்கு இன்னொரு மனைவி இருப்பதாகச் சொல்கிறார்களாம். யார் அந்த மகராசி என்று தானே தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இசக்கிப்பிரியா முழுக்கதையையும் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மூட்டையின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த அம்மாவைப் பார்த்தால் விசாரித்ததாகச் சொல்லச் சொல்லி, ஒரு பை எலுமிச்சம்பழமும் கொடுத்தார். கஷ்டமே இல்லாமல் ஒரு வேலை முடிந்தது அவளுக்குப் பயத்தைத்தான் கொடுத்தது. பாதி வேலை இவ்வளவு லேசாக முடிந்தால் மீதிப் பாதி எப்படி இருக்கும் என்று தூத்துக்குடி பஸ்ஸில் வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனாள்.

எண்ணூற்று நாற்பத்தொன்று சுபாஷினி. வயது அறுபத்தெட்டு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மணமாகாத மூத்த பெண்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இரண்டாவது மாடி. ஆச்சி என்று கூப்பிட வாயெடுத்த இசக்கிப்பிரியா, கதவைத் திறந்த முகத்தைப் பார்த்ததும் அதை அக்கா ஆக்கிக்கொண்டாள். ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டின நரைமுடி, எதிரே நிற்பவர்கள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் பொறுக்காத கண்கள். கூடத்து ஜன்னலில் கடல் தெரிந்தது. சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைச் சுபாஷினியே கிழிக்காமல் ஒட்டி வைத்திருந்தாள், வருகிறவர்கள் எல்லாம் படிக்கட்டும் என்று.

நோட்டீஸில், தாங்கள் திருமணமானவர் என்பது தெரியவந்திருப்பதால் வீட்டைக் காலி செய்யாததற்குக் காரணம் கூறவும் என்று இருந்தது. பதினோரு மாதமாக அவள் காரணம் கூறிக்கொண்டிருந்தாள். எட்டு அலுவலகம் ஏறி இறங்கிவிட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்வதற்கு ஒரு சான்றிதழ் கேட்டார்கள். ஆகாத கல்யாணத்துக்கு எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவது? இப்போது அந்தக் கல்யாணமே நேரில் நடந்துவந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"நீதானா அது" என்றாள் சுபாஷினி. தாளை வாங்கி இரண்டு தரம் படித்தாள். "இதுல கையெழுத்துப் போட்டா, எனக்குக் கல்யாணம் ஆயிருக்குன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆவும். நோட்டீசு உத்தரவாயிரும். முப்பது நாள்ல வீட்டை விட்டு எறங்கணும். அப்படித்தான?"

ஆமாம் என்றாள் இசக்கிப்பிரியா. பொய் சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் நம்புகிற ஆளும் இல்லை அது.

"வீடு கெடக்கட்டும். இருபத்திரண்டு வயசுல, கல்யாண மண்டபத்துல பந்தி போட்ட பொறவு, வேண்டாம்னு சொல்லிட்டு நடந்து வந்தவ நான். எங்கப்பா சாகுற வரைக்கும் என்கிட்டப் பேசல. கூடப் பொறந்தவன் இன்னைக்கு வரைக்கும் பேசல. நாப்பத்தாறு வருசமா வாடகைக்கு வீடு குடுக்கிறவன்லேருந்து ஆஸ்பத்திரி நர்சு வரைக்கும் எல்லாரும் வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லிச் சொல்லி நிக்கேன். எனக்குன்னு நான் சம்பாதிச்சது அந்த 'இல்ல' ஒண்ணுதான். அதை அந்த எண்ணு ஆபீசு தாளை மிச்சம் பிடிக்கதுக்குப் பிடுங்கிட்டுப் போயிருச்சு. இப்ப நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?"

இசக்கிப்பிரியாவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் குறைச்சல். இருந்ததையும் மூன்று நாளாக அலுவலகங்களில் செலவழித்துவிட்டிருந்தாள். பஸ் நிலையத்தில் கத்துகிற மாதிரி கத்தினாள். ஒரு உயிரைவிட உங்களுக்கு ஒரு சொல் பெரிதா என்று கேட்டாள். கேட்ட உடனே அது தப்பான கேள்வி என்று அவளுக்கே தெரிந்தது. இந்த அம்மாள் என்ன தப்புச் செய்தாள்? இவள் எண் உடையவில்லை, சுத்தமான எண். உடைந்தது தன்னுடையது. தன் உடைசலைச் சரிக்கட்ட அடுத்தவள் வாழ்க்கையைக் கேட்டு வந்து, கொடுக்கவில்லை என்று சண்டையும் போடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் கோபமாகத்தான் வெளியே வந்தது. எலுமிச்சம்பழப் பையை, அந்தப் புளியங்குடிக்காரர் கொடுத்தது என்று சொல்லி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

கதவுப்பக்கம் போனபோது சுபாஷினி பின்னாலிருந்து கேட்டாள். "உன் வீட்டுக்காரனுக்கு என்ன வயசு?"

"அம்பத்தொண்ணு."

"நல்லவனா?"

என்ன கேள்வி இது என்று இருந்தது இசக்கிப்பிரியாவுக்கு. "மோசமில்லக்கா" என்றாள். "சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாரு. நான் கத்தினா எதுத்துக் கத்த மாட்டாரு. நான் கத்துறதை நிறுத்தின பொறவு, முடிஞ்சுதான்னு கேப்பாரு. அவ்வளவுதான். அவரு போயிட்டா எனக்குக் கத்துறதுக்கு ஆளு இல்ல."

சுபாஷினி கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க இசக்கிப்பிரியா யார் யாரையோ பார்த்தாள். எம்.எல்.ஏ. அலுவலகம், ஒரு வக்கீல், ஆஸ்பத்திரி டீன். எல்லாரும் அனுதாபப்பட்டார்கள், எல்லாரும் அதற்கு எண் அலுவலகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். வக்கீல் மட்டும் இது ரொம்பச் சுவாரஸ்யமான கேஸ் என்று மூன்று தரம் சொன்னார். தாள்களைக் கொடுக்கக் கடைசி நேரம் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு. சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு அவள் ஒன்றுக்கும் வழியில்லாமல் சும்மாவாவது போய் நிற்போம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கவுண்டருக்கு முன்னால் சுபாஷினி நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். பேனாவைக்கூட வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

கையெழுத்துப் போட்டாள். கவுண்டர்காரப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, தரப்பினர் இருவரும் சம்மதம் என்று வந்துவிட்டதாகச் சொன்னாள். இசக்கிப்பிரியா சுபாஷினியின் கையைப் பிடித்தாள். சுபாஷினி கையை உருவிக்கொண்டாள்.

"எல்லாம் முடிஞ்ச பொறவு என்னை இதுலேருந்து எடுத்து விட்டுரணும். நீதான் அலையணும், நான் அலைய மாட்டேன்."

"எடுத்து விட்டுருவேன்க்கா. சத்தியமா."

திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை நடந்தது. இசக்கிப்பிரியாவின் இடது சிறுநீரகம் முத்துகார்த்திக்கின் வயிற்றுக்குள் போய் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் கொடையாளர்கள் என்ற இடத்தில் பிரதீப், சுபாஷினி என்று இருந்தது. ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று இருவருக்கும் தனித்தனியாகத் தபால் போனது. புளியங்குடிக்காரர் அதை அப்படியே நம்பி ஆறு வாரம் ஒரு மூட்டையைத் தொடவில்லையாம். ஆறு வாரம் ஓய்வெடுக்க வேண்டிய இசக்கிப்பிரியாவுக்கு லீவு கிடைக்கவில்லை, கல்யாணங்களுக்கு மருத்துவ விடுப்புக் கிடையாது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்தபடியே கத்தினாள். வீட்டில் முத்துகார்த்திக் தட்டைக் கழுவிவிட்டு, முடிந்ததா என்று கேட்டான். சுபாஷினி முப்பதாவது நாள் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறைக்குப் போய்விட்டதாக இசக்கிப்பிரியா கேள்விப்பட்டாள்.

ஏழு மாதம் கழித்து எண் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது பந்தி எண்களில் சில பிழைகள் கண்டறியப்பட்டிருப்பதாகவும், உடைந்த எண்ணை வைத்திருப்பவரோ அதன் தரப்பினரில் யாராவது ஒருவரோ விண்ணப்பித்தால் போதும், அந்த எண்ணை ஆதியிலிருந்தே ரத்து செய்து புது எண் கொடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது. இசக்கிப்பிரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடலாம். அந்தச் சந்தோஷம் அலுவலகம் போய் அபிநந்தன் முன்னால் உட்காருகிற வரைக்கும் இருந்தது.

"போட்டுறாதீங்கம்மா" என்றார் அவர், அவள் விண்ணப்பத்தை நீட்டும்போதே. "ரத்தானா அந்த ரெண்டு பேரும் உங்க வீட்டுக்காரருக்கு உறவு இல்லன்னு ஆயிரும். நீங்களும் அன்னைக்குப் பொண்டாட்டி இல்லன்னு ஆயிரும். உறவு இல்லாதவங்க குடுத்த சிறுநீரகம் சட்டவிரோதம். வெளிய எடுக்க மாட்டாங்க. ஆனா அவரு ஆஸ்பத்திரி அட்டையை ரத்து பண்ணிருவாங்க. அந்த அட்டை இல்லேன்னா, தினமும் போடுற அந்த மாத்திரையை எந்த ஊர்லயும் குடுக்க மாட்டாங்க."

மாத்திரை நின்றால் எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உடம்பு அந்நியச் சதையை ஒதுக்கித் தள்ள மூன்று வாரம் போதும்.

விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தாள். பிரதீப்புக்கும் சுபாஷினிக்கும் இதே கடிதம் போயிருக்கும். பிரதீப் சொன்னால் கேட்டுக்கொள்வார். யாராவது ஒருவர் விண்ணப்பித்தால் போதும் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். சுபாஷினி விண்ணப்பிக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. வீடு திரும்பக் கிடைக்கும், அவளுடைய 'இல்லை' திரும்பக் கிடைக்கும். வேண்டாம் என்று கேட்க எந்த முகத்தோடு போவது? சத்தியம் செய்து கொடுத்த வாயாலேயே, இன்னும் கொஞ்ச காலம், அதாவது அவர் சாகிற வரைக்கும் கல்யாணமாகவே இருங்கள் அக்கா என்று எப்படிக் கேட்பது? தன்மேலும், அபிநந்தன்மேலும், பதினெட்டு இலக்கம் என்று முடிவு செய்த முகம் தெரியாத கமிட்டிமேலும் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூன்றாவது நாள் தூத்துக்குடி பஸ் ஏறினாள்.

மாடிப்படி குறுகலாக இருந்தது. அறையில் ஜன்னல் இருந்தது, கடல் இல்லை. எதிர்ச்சுவர்தான் தெரிந்தது. சுபாஷினி ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இசக்கிப்பிரியா வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததை மறந்துவிட்டு நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். அட்டை, மாத்திரை, மூன்று வாரம், சத்தியம்.

"மூச்சு விடு" என்றாள் சுபாஷினி. "அந்த ஆபீசர் எனக்கும் போன் பண்ணிச் சொன்னாரு. கடுதாசிக்குப் பதிலு போன வாரமே ஆபீசுல எழுதிக் குடுத்தாச்சு."

இசக்கிப்பிரியா உட்காரச் சுற்றிலும் பார்த்தாள். உட்கார இடமில்லை. "என்னக்கா எழுதினீங்க?"

"ஒரு மனுசன் சாவக் கூடாதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டேன். இப்ப அவன் செத்தாச் சாவட்டும்னு இன்னொரு கையெழுத்தா போடுவேன்? என்ன பேச்சு பேசுத நீ." கீரைக்கட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளை உருவி, மண்ணைத் தட்டி நீட்டினாள். கொடுத்த படிவத்தின் நகல்.

படிவத்தில் கேள்விகள் அச்சாகியிருந்தன. பதில்களைச் சுபாஷினி பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். எண்ணை ரத்து செய்ய விரும்புகிறீர்களா: இல்லை. கணவர் பெயர்: அவர்.

"பேரு மறந்துபோச்சு" என்றாள் சுபாஷினி. "தாள்ல ஒரு நாள் பாத்த கையெழுத்துதான, அவரு குடுத்த எலுமிச்சம்பழம் மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. ஆபீசுல அந்தப் பிள்ளை, வயசானவங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டாங்கன்னு அதுவா நினைச்சுக்கிட்டு முத்திரை குத்திருச்சு."

இசக்கிப்பிரியா கடைசிக் கேள்விக்கு வந்தாள். விரும்பாததற்குக் காரணம் கூறவும் என்று கேட்டு, அதற்கு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். சுபாஷினி ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: நாங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்து வருகிறோம்.